குழந்தைவேலு படியில் உட்காரமாட்டான்

ஆறே முக்கால் பஸ்சு போன பிறகுதான் ஸ்டான்லி எழுந்து வந்தான். மற்ற நாட்களில் அந்தச் சத்தம் கேட்கும்போது குளித்து, காபி குடித்து, சொளகை மடியில் வைத்திருப்பான்.

“வெரசா வாண்ணே,” என்றாள் சோனியா. “ஒன்னே ஒன்னுதான் பாக்கி.”

முன்அறை மேசையில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் பென்சிலும் ஒரு தாளும். சாயங்காலத்துக்குள் மார்க் அனுப்ப வேண்டும்.

ஸ்டான்லி நாற்காலியில் உட்கார்ந்து சொளகை இழுத்தான். அந்த மூங்கில் முறத்தில் ஏலக்காய் பரப்பியிருந்தது. திங்கட்கிழமை விற்பனைக்குக் காட்ட வேண்டிய சாம்பிள். வெடித்ததையும் வெளுத்ததையும் பொறுக்கித் தள்ள வேண்டும். குடோனில் அதற்குப் பெண்கள் இருந்தார்கள். சாம்பிளை மட்டும் அவனே பார்ப்பான்.

அடுப்படியிலிருந்து ஜெயபாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, வேர்த்திருக்கு?”

“மூஞ்சி கழுவுனேன்.”

“கழுவுனா கழுத்துக்குக் கீழயுமா நனையும்? இந்தக் குளுருல எவனுக்கு வேர்க்கும்?”

“நமக்கென்ன கொறச்சல்,” என்றான் ஸ்டான்லி.

சோனியா சிரித்தாள். ஜெயபாக்கியம் சிரிக்காமல் உள்ளே போனாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணன் தங்கை இருவர் வாயிலும் அந்த வசனத்தைக் கேட்டு அலுத்திருந்தாள்.

அது குழந்தைவேலுவின் வசனம். ‘மூணாம் மாடி’ என்று அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் வந்த நகைச்சுவைத் தொடர். மதுரையில் ஒரு வீடு. மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கும் குழந்தைவேலு. கீழ்வீட்டில் பங்கஜம். அவன் படியிறங்கினால் அவள் சண்டைக்கு வருவாள். எல்லாச் சண்டையிலும் அவன் தோற்பான். தோற்றுவிட்டு, நமக்கென்ன கொறச்சல் என்று சொல்லியபடி மறுபடி படியேறுவான். அப்போது திரைக்குப் பின்னால் நிறையப் பேர் சிரிக்கும் சத்தம் வரும்.

தொடர் நின்றுபோய்ப் பல வருடமாகிவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வட்டம் வைத்து, டிவியில் வராத எபிசோடுகளைத் தாங்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒரு போட்டி. தேனியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் முத்துக்கண்ணன் நடத்தினார். எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, நம்பர் போட்டு, நடுவர்களுக்கு அனுப்புவார். நடுவர்கள் மூன்று பேர். சோனியா மெட்ரிக் பள்ளியில் தமிழ் டீச்சர். அவள் எழுதும் குறிப்புக்கு மற்ற இருவரும் மறுப்புச் சொல்வதில்லை.

போட்டியின் விதிகளையும் அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். யாரும் சாகக்கூடாது. யாருக்கும் கல்யாணம் ஆகக்கூடாது. கடைசிக் காட்சியில் எல்லோரும் முதல் காட்சியில் இருந்த இடத்துக்கே வந்துவிட வேண்டும்.

வாசிக்கும்போது ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வியைக் கேட்பாள். இவன் இதைச் செய்வானா?

இன்னொரு வழியும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கதைகளைச் சத்தமாக வாசிப்பாள். ஸ்டான்லி காய் பொறுக்கிக்கொண்டே கேட்பான். அவன் வாய்விட்டுச் சிரிக்கிறவன் இல்லை. நல்ல வரி வந்தால் கை நிற்கும். விரலுக்கிடையில் ஒரு காய் அப்படியே இருக்கும். அந்த இடத்தில் அவள் பென்சிலால் கோடு போடுவாள். கோடுகள் கூடினால் மார்க் கூடும்.

“எந்த நம்பரு?” என்றான் ஸ்டான்லி.

“ஒம்பது. திருத்தி அனுப்பிருக்காக.”

ஸ்டான்லி காய்களைப் பார்த்தபடி தலையசைத்தான்.

ஒன்பதாம் நம்பரின் முதல் வடிவத்தை இதே மேசையில்தான் வாசித்திருந்தாள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. அதில் குழந்தைவேலு காய்கறிப் பையோடு படியேறுகிறான். இரண்டாம் மாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். தாடையிலிருந்து கைவரை ஒரு வலி. யாரும் பார்க்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து எழுந்து அறைக்குப் போகிறான். மறுநாளும் அதே படி. அதற்கு மறுநாள் ஏறாமல் இறங்கிவந்து பங்கஜம் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஒரு எட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வர்றீங்களா என்று கேட்கிறான். பங்கஜம் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வருகிறாள். இருவரும் ஆட்டோவில் ஏறுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

அன்று ஸ்டான்லியின் கை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. வழக்கத்தைவிட வேகமாகப் பொறுக்கினான். நல்ல காய் ஒன்றிரண்டு கழிவோடு போனதை அவள் பார்த்தாள்.

“ஒனக்கே பிடிக்கலைல்ல?” என்றாள்.

“என்ன பிடிக்கல?”

“கை நிக்கவே இல்லையே.”

“இதுல என்ன தப்பு?”

“குழந்தைவேலு படியில உக்காரமாட்டாண்ணே. அவன் ஏறுறவன். பங்கஜம் சண்டை போடாம எங்கயும் கூடப் போகமாட்டா. இது வேற யாரோ ரெண்டு பேரு.”

“ஆஸ்பத்திரி வேணாங்குற.”

“வேணாம். அந்த வீட்ல யாருக்கும் எதுவும் ஆகாது. அதுக்குத்தான சனம் அதப் பாத்துச்சு. நெஞ்சுவலின்னு வந்தா அது வாயுவா இருக்கணும். கடசில ஒரு ஏப்பம். கத முடிஞ்சுச்சு.”

ஸ்டான்லி ஒரு காயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“எழுதுனவன் பாவம்ல.”

“பாவம் பாத்தா மார்க் போட முடியுமா?”

“சரி. நீதான ஜட்ஜு.”

சோனியா அதையெல்லாம் குறிப்பாக எழுதி அனுப்பினாள். ஆஸ்பத்திரிக் காட்சியை நீக்கவும் என்று ஒரு வரி. வாயு என்று மாற்றலாம் என்று ஒரு வரி. திருத்தி அனுப்ப எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு உண்டு.

இப்போது திருத்திய வடிவம் வந்திருந்தது. வாசிக்க ஆரம்பித்தாள்.

குழந்தைவேலு படியேறுகிறான். இரண்டாம் மாடிக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கீழேயிருந்து பங்கஜம் கத்துகிறாள். என்னய்யா, செலை மாதிரி நிக்கிற? நேத்து நீங்க குடுத்த மொச்சக்கொட்டைதான் பங்கஜம். உள்ள குடி வந்துட்டு, காலி பண்ண மாட்டேங்குது.

சோனியா வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மறுபடி அந்த வரியை வாசித்தாள். ஜெயபாக்கியம் அடுப்படியிலிருந்து, “மொச்சக்கொட்டைய ஏன்டி இழுக்குறாக,” என்றாள். கடைசியில் குழந்தைவேலு விடும் ஏப்பத்தில் மூன்று மாடிக் கதவுகளும் திறக்கின்றன. எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். கதவுகள் மூடுகின்றன. அவன் படியேறிப் போகிறான்.

ஸ்டான்லியின் கை இப்போதும் நிற்கவில்லை.

“என்னண்ணே, மொச்சக்கொட்டைக்குக் கூடவா கை நிக்கல?”

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்காவா? எழுதுனவன் கெட்டிக்காரன். சொன்னதப் புரிஞ்சுக்கிட்டான்.”

“மார்க்கு?”

“எட்டு.”

“பத்துக்கா?”

“பின்ன, நூத்துக்கா?”

ஸ்டான்லி சொளகைக் கீழே வைத்தான். முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதற்கு என்ன காரணம் என்று அவள் யோசிக்கவில்லை. அவன் இடது தாடையை உள்ளங்கையால் தேய்த்தான்.

“பல்லா?” என்றாள் ஜெயபாக்கியம், தட்டை வைத்தபடி.

“பல்லுதான்.”

“நேத்து வயிறுன்னீங்க.”

“நேத்து வயிறு. இன்னைக்குப் பல்லு. ஓமத்தண்ணி இருந்தா கொண்டா.”

“பல்லுக்கு எவன் ஓமத்தண்ணி குடிப்பான்?”

அவன் தட்டை இழுத்துக்கொண்டான். இட்லியில் ஒன்றைத் தின்றான். மற்றதைத் தள்ளிவைத்தான்.

டிரைவர் மாசானம் ஜீப்பை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஸ்டான்லி குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்தில் மூன்று நாளாகக் காய் பறித்திருந்தார்கள். காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து லோடு இறக்கி வர வேண்டும்.

“நானும் கூட வரவா?” என்றாள் ஜெயபாக்கியம். “ஒருமாதிரி இருக்கீங்க.”

“நீ வந்து மூட்டை தூக்கப் போறியா? சோலியப் பாரு.”

அவன் வாசலுக்குப் போனான். ஷூவை எடுத்தான். பிறகு படியில் உட்கார்ந்தான்.

நின்றபடியே சுவரில் ஒரு கையை ஊன்றி ஷூ போடுகிறவன் அவன். சோனியா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன மொதலாளி,” என்றான் மாசானம், ஸ்டியரிங்கில் இருந்தபடி. “மாப்ள அழைப்புக்கு ஒக்காந்த மாதிரி ஒக்காந்துட்டீக?”

“உங்கக்கா வெத்தல பாக்கு கொண்டாருவான்னு பாக்குறேன்.”

மாசானம் சிரித்தான். ஸ்டான்லி ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தான். ஜீப்பின் கம்பியைப் பிடித்து ஏறும்போது ஒருமுறை திரும்பி ஜன்னலைப் பார்த்தான்.

“மார்க்க மாத்திராத,” என்றான்.

ஜீப் போன பிறகு சோனியா எட்டு என்று எழுதி முத்துக்கண்ணனுக்கு அனுப்பினாள்.

மத்தியானம் சோறு வடிக்கும் நேரத்தில் மாசானத்தின் அழைப்பு வந்தது. காற்றுச் சத்தத்தில் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

“டீச்சரக்கா, அண்ணன எறக்கிக்கிட்டு வர்றோம்.”

“எறக்கிக்கிட்டுன்னா?”

“ஜீப்புலதான் வர்றோம். பெரியாஸ்பத்திரிக்கு வந்துருங்க.”

“அண்ணே பேசுதா? போன அதுட்ட குடு.”

இணைப்பு அறுந்தது. அவள் திரும்பக் கூப்பிட்டாள். போகவில்லை. மெட்டிலிருந்து இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் போன் எடுக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

இருவரும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜெயபாக்கியம் கையில் துண்டும், பிளாஸ்க்கில் வெந்நீரும், சோப்பும் எடுத்து வந்திருந்தாள். அவசரப் பிரிவு வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அங்கே உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மலை தெரிய வேண்டும். அன்று மலை இல்லை. அடிவாரக் கரட்டுக்கு மேலே எல்லாம் வெள்ளையாக இருந்தது.

“மேல மூட்டம்,” என்றாள் ஜெயபாக்கியம். “மெதுவாத்தான் ஓட்டணும்.”

“மாசானம் நல்லா ஓட்டுவான் மதினி.”

“கீழ விழுந்துருப்பாரா?”

“தெரியல.”

“கால் ஒடஞ்சிருக்கும். ஷூ வழுக்கும்னு சொன்னேன்.”

போன் அதிர்ந்தது. சோனியா பாய்ந்து பார்த்தாள். ரசிகர் வட்டம். சாயங்காலம் முடிவு என்று முத்துக்கண்ணன் போட்டிருந்தார். அதற்குக் கீழே ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். சிரிக்கும் முகங்கள். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள். நமக்கென்ன கொறச்சல். நமக்கென்ன கொறச்சல். ஒருவர் எழுதினால் எல்லோரும் அதையே எழுதுவார்கள். அது அங்கே வழக்கம்.

அவள் அதை மூடப்போனாள். விரல் கதைகள் இருந்த இடத்துக்குப் போனது. ஒன்பதாம் நம்பரைத் திறந்தாள். முதல் வடிவம் இன்னும் அழியாமல் இருந்தது.

இம்முறை சத்தமில்லாமல் வாசித்தாள்.

காய்கறிப் பை. படி. தாடையிலிருந்து கைவரை. பல் என்று நினைத்துக்கொள்கிறான். முந்தின நாள் வயிறு என்று நினைத்திருந்தான். யாரும் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறான். உட்கார்ந்தவன் தெருவைப் பார்க்கிறான். மாடிப்படியில் உட்கார்ந்தால் தெரு எப்படித் தெரியும் என்று அன்றைக்குக் குறிப்பு எழுதியிருந்தாள். மூணாம் மாடி வீட்டில் படிக்கட்டு உள்ளே இருந்தது. தெரு தெரியாது. தெரு தெரியும் படி ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்து இருந்தது. அது அவர்கள் வீட்டு வாசல்படி.

அவள் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

“யாரு?” என்றாள் ஜெயபாக்கியம்.

“யாரும் இல்ல மதினி.”

“ஏன் இப்பிடிப் போத்திக்கிட்டு ஒக்காந்துருக்க?”

“குளுருது.”

ஜெயபாக்கியம் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். சோனியா அதைக் குடித்தாள். ஜீப் வரும் வழியைப் பார்த்தாள். ஒரு வாழைக்காய் லாரி வந்தது. ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. அவசரப் பிரிவிலிருந்து ஒரு ஆள் வெளியே வந்து, பீடி பற்றவைத்து, அவர்களைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான்.

ஜீப் வந்தபோது மாசானம் ஹாரன் அடிக்கவில்லை. வளைவில் எப்போதும் அடிக்கிறவன். மெதுவாக உள்ளே வந்து, ஓரமாக, மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு நிறுத்தினான். அதைப் பார்த்ததும் ஜெயபாக்கியம் எழுந்தாள். பிளாஸ்க் உருண்டது.

பின்னால் இரண்டு தோட்டத்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மடிமேல் ஸ்டான்லி கிடந்தான். யாரோ தலைத்துண்டை அவன் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். மூட்டைச் சாக்குகள் ஓரமாக இருந்தன. ஜீப் முழுக்க ஏலக்காய் வாசம்.

மாசானம் இறங்கி வந்தான். கையில் ஸ்டான்லியின் ஷூ.

“ஸ்டோருக்கு ஏறுற வழியில கல்லு மேல ஒக்காந்தாரு அக்கா. நீ போடா, நான் பின்னாடி வர்றேன்னாரு. நான் சாக்கு எடுத்துப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்கேன், ஒக்காந்தமேனிக்கே இருக்காரு. வாங்க மொதலாளின்னேன். வரல. பேசல.” அவன் ஷூவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். “காலுல இறுக்கமா இருக்குமேன்னு கழட்டுனேன்.”

டாக்டர் வெளியே வந்து பேசியது நீண்ட நேரம் இல்லை. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“இதுக்கு முன்னாடி வலி இருக்குன்னு யாருட்டயாவது சொன்னாரா?”

“பல்லுன்னாரு,” என்றாள் ஜெயபாக்கியம். “வயிறுன்னாரு. என்கிட்ட வேற ஒன்னும் சொல்லல.”

டாக்டர் சோனியாவைப் பார்த்தார். அவள் கீழே கிடந்த பிளாஸ்க்கை எடுத்து அதன் மூடியைத் தேடினாள்.

மறுநாள் ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து, மத்தியானத்துக்கு மேல் அடக்கம். சர்ச் ஐயர் சுருக்கமாக ஜெபித்தார். பிள்ளைகள் இல்லாததால் பெட்டியின் தலைப்பக்கத்தை யார் பிடிப்பது என்று ஒரு பேச்சு வந்தது. கடைக்காரர்கள் சிலர் முன்வந்தார்கள். ஜெயபாக்கியம் மாசானத்தைக் கூப்பிட்டாள். அவன் திருநீற்றைத் துடைத்துவிட்டு வந்தான். “அத ஏன்டா அழிச்ச,” என்றாள் அவள். “அவருக்கு உன்ன அப்படித்தான தெரியும்.” அவன் வெறும் நெற்றியோடு பெட்டியைப் பிடித்தான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தது. எல்லோரும் ஒரு பிடி போட்டார்கள். சோனியா போட்ட மண் கட்டியாக விழுந்து பலகையில் சத்தம் கேட்டது.

திரும்பும்போது வாசல் கேட்டருகே முத்துக்கண்ணன் நின்றிருந்தார். சோனியா அவரை வாட்ஸ்அப் படத்தில்தான் பார்த்திருந்தாள், நேரில் பார்த்ததில்லை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் மூன்று பேனா. அவர் முதலில் ஜெயபாக்கியத்திடம் போய்க் கைகூப்பி ஏதோ சொன்னார். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொந்தக்காரப் பெண்கள் அவளை அழைத்துப் போனார்கள். முத்துக்கண்ணன் சோனியாவிடம் வந்தார்.

“டீச்சர், இந்த நேரத்துல கேக்கக்கூடாது.”

“சொல்லுங்க.”

“ஒம்பதாம் நம்பரு...”

“தெரியும்.”

“தெரியுமா? உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னாரு. தெரிஞ்சா தங்கச்சி மார்க் போடாது, இல்லன்னா கூடப் போட்ரும்னாரு.” அவர் கண்ணைத் துடைத்தார். “எழுத வராதுன்னு வாயால சொல்லி ரெக்கார்டு பண்ணி அனுப்புவாரு. நான்தான் டைப் அடிச்சேன். இடையிடையே மூச்சு வாங்கும். நடந்துக்கிட்டே பேசுறாருன்னு நெனச்சேன்.”

“அண்ணே உக்காந்துதான் பேசும்,” என்றாள் சோனியா.

முத்துக்கண்ணன் கீழே பார்த்தார்.

“உங்க குறிப்ப வாசிச்சுக் காட்டுனேன். மொதல்ல எழுதுனதே நல்லாத்தான் இருக்குண்ணே, விடுங்கன்னேன். இல்ல தம்பி, ஜட்ஜு சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு.”

சோனியா கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

“மொதல் பரிசு அதுக்குத்தான் வருது. மத்த ரெண்டு பேரும் ஒம்பது போட்ருக்காங்க. அறிவிக்காம வச்சிருக்கேன். கதைய குரூப்புல போடணும். எதப் போட? அந்த ரெக்கார்டிங்கும் இருக்கு. வேணும்னா அனுப்புறேன்.”

“ரெண்டாவது எழுதுனதப் போடுங்க.”

“மொதலாவதும் சேத்துப் போடலாம்னு...”

“வேணாம்.”

“ரெக்கார்டிங்?”

“அனுப்பாதீங்க.”

அவர் தலையாட்டினார். ஒரு பேனாவை எடுத்து, எதற்கென்று தெரியாமல், மறுபடி பையில் வைத்தார்.

புதன்கிழமைக்குள் சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மத்தியானம் மாசானம் வந்து வாசலுக்கு வெளியே நின்றான். திங்கட்கிழமை விற்பனை போய்விட்டது. அடுத்ததற்காவது சாம்பிள் வேண்டும் என்று குடோனில் கேட்கிறார்கள் என்றான். அவன் படியை மிதிக்காமல் ஓரமாக நின்று பேசியதை சோனியா கவனித்தாள்.

ஜெயபாக்கியம் சொளகை எடுத்து வந்தாள். ஸ்டான்லி சனிக்கிழமை கீழே வைத்தது அப்படியே இருந்தது. பாதி பொறுக்கியது, பாதி பொறுக்காதது. அவனுடைய நாற்காலியில் உட்காராமல் அவள் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். அவளுக்கு இது பழக்கமில்லை. மெதுவாகச் செய்தாள்.

“சோனியா.”

“சொல்லுங்க மதினி.”

“உங்கண்ணே கத எழுதுனாராமே.”

சோனியா மேசையில் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். பென்சிலை வைத்தாள்.

“யாரு சொன்னா?”

“அந்த முத்துக்கண்ணன் தம்பி. பரிசு கெடச்சிருக்குன்னாரு. என்கிட்டகூடச் சொல்லல பாரேன். ராத்திரி மொட்டமாடில ஒக்காந்து யாருட்டயோ பேசுறாரேன்னு நான் வேற சந்தேகப்பட்டேன்.” லேசாகச் சிரித்தாள். “கெழவனுக்கு இந்த வயசுல என்ன ரகசியம்னு.”

சோனியா ஜன்னலைப் பார்த்தாள். மலை இன்று தெளிவாக இருந்தது. மெட்டுக்குப் போகும் ரோடு கோடு கோடாகத் தெரிந்தது. ஒரு ஜீப் ஏறிக்கொண்டிருந்தது.

“வாசி.”

“இப்பவா மதினி?”

“அவருக்கு வாசிப்பேல்ல. அப்பிடி வாசி. நான் காயப் பாத்துக்கிட்டே கேக்குறேன்.”

சோனியா போனை எடுத்தாள். குரூப்பில் போட்டிருந்ததைத் திறந்தாள். மேலே ஸ்டான்லியின் பெயர். கீழே நூற்றுக்கும் மேல் ஆட்கள் கைகூப்பியிருந்தார்கள். சிரித்திருந்தார்கள். கும்பிடையும் சிரிப்பையும் சேர்த்துப் போட்டவர்களும் இருந்தார்கள்.

வாசித்தாள். குழந்தைவேலு படியேறினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த இடத்தில் அவள் குரல் இறங்கியது. பங்கஜம் கத்தினாள். மொச்சக்கொட்டை வந்தது.

ஜெயபாக்கியம் சிரித்துவிட்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. “பாவி மனுசன்,” என்றாள். “அன்னைக்கு நான் வச்ச மொச்சதான்டி அது.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மேல வாசி,” என்றாள்.

ஏப்பம் வந்தது. கதவுகள் திறந்தன. மூடின. குழந்தைவேலு படியேறிப் போனான்.

சோனியா போனைக் கவிழ்த்து வைத்தாள். சொளகில் காய்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பச்சைக் காய் ஒருபக்கம். வெளுத்த காய் ஒருபக்கம். தெருவில் ஒரு பஸ்சு போனது.

பிறகு அந்தச் சத்தமும் நின்றது. சோனியா திரும்பிப் பார்த்தாள். ஜெயபாக்கியத்தின் விரல்களுக்கிடையில் ஒரு காய் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

“மொதல்ல அவரு வேற மாதிரி எழுதிருந்தாராமே. அதுல என்ன இருந்துச்சு?”